ஜிபிஜி பாஸ்வேர்ட் கேட்காமலே திறக்கிறது, பூட்டு வேலை செய்கிறதா?

கேள்வி, 7 பிப்ரவரி 2025, மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி

அக்கா, 23 பேருடைய சம்பளப் பட்டியலை ஜிபிஜி என்ற குறியாக்க நிரலில் மைனஸ் சி கொடுத்துப் பூட்டினேன். பாஸ்வேர்டை இரண்டு தடவை கேட்டது, கொடுத்தேன். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க உடனே, திறப்பதற்கான மைனஸ் டி கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் நேராகத் திறந்துவிட்டது. இது என்ன பூட்டு? இதை முதலாளிக்கு மின்னஞ்சலில் அனுப்பலாமா, கூடாதா? உபுண்டு, டெர்மினல் மட்டும்தான்.

7 பிப்ரவரி, இரவு 10.40

அனுப்பலாம் தம்பி. கோப்பு பூட்டித்தான் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டருக்குச் சாவி ஞாபகம் இருப்பதால் திறந்து காட்டுகிறது, முதலாளியின் கம்ப்யூட்டருக்கு அந்த ஞாபகம் கிடையாது. சந்தேகம் தீர வேண்டுமென்றால் அந்தக் கோப்பை வேறொரு மடிக்கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள், கட்டாயம் கேட்கும்.

ஜிபிஜிக்குப் பின்னால் ஜிபிஜி-ஏஜென்ட் என்று ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அடித்த பாஸ்வேர்டை அது 600 விநாடி, அதாவது 10 நிமிடம் கையில் வைத்திருக்கும். இதைத்தான் கேஷ் என்கிறார்கள். அந்த ஞாபகத்தை இப்போதே அழிக்க ஜிபிஜிகான்ஃப், இரண்டு கோடு சேர்த்து ரீலோட், இடைவெளி விட்டு ஜிபிஜி-ஏஜென்ட். (அடிக்கும்போது எல்லாம் ஆங்கில எழுத்துதான். நான் ஃபோனில் சொல்லிக்கொடுப்பது போலவே எழுதுகிறேன்.) இதைச் செய்துவிட்டு மறுபடி மைனஸ் டி கொடுங்கள், கேட்கும்.

எப்போதுமே ஞாபகம் வைக்க வேண்டாம் என்றால் வீட்டு அடைவில் புள்ளி ஜிஎன்யுபிஜி என்ற மறைந்த ஃபோல்டருக்குள் ஜிபிஜி-ஏஜென்ட் புள்ளி கான்ஃப் என்று ஒரு அமைப்புக் கோப்பு வைத்து, அதில் ஒரே வரி: டீஃபால்ட்-கேஷ்-டிடிஎல், இடைவெளி, சுழி. (டிடிஎல் என்பது ஞாபகம் நீடிக்கும் நேரம், விநாடிக் கணக்கில்.) அப்புறம் மேலே சொன்ன ரீலோட். அவ்வளவுதான்.

8 பிப்ரவரி, காலை

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. சுழி போடச் சொன்னது தவறான மருந்து இல்லை, ஆனால் தலைவலிக்கு உடம்பு முழுவதும் தைலம் தேய்க்கச் சொன்ன மாதிரி. அதைப் போட்டால் உங்களுடைய சாவி ஜோடி (பூட்ட ஒரு பொதுச் சாவி, திறக்க ஒரு அந்தரங்கச் சாவி) ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் கேட்கும். மாதக் கடைசியில் 40 கோப்பைத் திறக்க வேண்டியவர் இரண்டாம் நாளே அந்த வரியை எடுத்துவிடுவார், அல்லது பாஸ்வேர்டை நாலு எழுத்தாகக் குறைத்துவிடுவார். இரண்டையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தம்பி கேட்டது மைனஸ் சி பற்றி. அது சாவி ஜோடி எதுவும் இல்லாமல், வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்துப் பூட்டுவது. இதற்கென்று தனியாக ஒரு ஞாபகம் இருக்கிறது, தனியாக ஒரு சுவிட்சும் இருக்கிறது: நோ-சிம்கீ-கேஷ். இது ஏஜென்டின் கான்ஃப் கோப்பில் போடுவது இல்லை, பக்கத்திலேயே இருக்கும் ஜிபிஜி புள்ளி கான்ஃப் கோப்பில் போடுவது. ஒரு தடவைக்கு மட்டும் வேண்டுமென்றால் கட்டளையிலேயே இரண்டு கோடு போட்டுச் சேர்க்கலாம்: ஜிபிஜி, நோ-சிம்கீ-கேஷ், மைனஸ் சி, கோப்பின் பெயர். இரண்டு கான்ஃப் கோப்புகளையும் குழப்பிக்கொண்டால் வரியை ஏற்காமல் பிழை காட்டும். அப்படிக் காட்டினால் பயப்படாமல் எந்தக் கோப்பில் எழுதினோம் என்று முதலில் பாருங்கள்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று. பாஸ்வேர்டோடு சால்ட் என்ற தற்செயல் எண்ணைக் கலந்துதான் ஜிபிஜி சாவி செய்கிறது, ஒவ்வொரு தடவை பூட்டும்போதும் அந்த எண் புதிது. ஏஜென்ட் உங்கள் பாஸ்வேர்டை அந்த எண்ணின் பெயரில்தான் எடுத்து வைக்கிறது. அதனால் இப்போது பூட்டிய அதே கோப்பைத் திறந்தால் கேட்காது. அதே கோப்பை இன்னொரு தடவை பூட்டப் போனால் புது எண், ஆகவே கேட்கும். தம்பி, செய்து பாருங்கள். பூட்டும்போது கேட்டு, திறக்கும்போது கேட்கவில்லையா? அப்படியென்றால் இந்த ஞாபகம்தான், வேறு கோளாறு இல்லை.

8 பிப்ரவரி, மதியம், சின்னக் குறிப்பு

ஞாபகம் என்றால் டிஸ்கில் எழுதி வைக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இல்லை. ஏஜென்ட் அதை ராமில் மட்டும்தான் வைக்கிறது, அதையும் குறியாக்கம் செய்து வைக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்தால் போய்விடும். ஆக ஏஜென்ட் ஒன்றைக் கவனித்தால் போதும்.

(20ஆம் தேதி சேர்த்தது: மேலே உள்ள கடைசி வாக்கியம் தவறு. அழிக்காமல் விடுகிறேன், கீழே படியுங்கள்.)

11 பிப்ரவரி, தைப்பூசம்

விடிவதற்குள் தண்ணீர்மலை ஏறி இறங்கியாயிற்று. பாதம் எரிகிறது, மனசு நிறைந்திருக்கிறது. அலுவலகம் மூடியிருப்பதால் ஒரு கேள்விக்கு நிதானமாகப் பதில்: அந்த 10 நிமிடம் பாஸ்வேர்ட் அடித்த நேரத்திலிருந்தா, கடைசியாகப் பயன்படுத்திய நேரத்திலிருந்தா?

கடைசியாகப் பயன்படுத்திய நேரத்திலிருந்து. 9ஆவது நிமிடத்தில் இன்னொரு கோப்பைத் திறந்தால் மறுபடி 10 நிமிடம் ஆரம்பிக்கும். ஆனால் இப்படியே நாள் முழுவதும் நீட்டிக்கொண்டு போக முடியாது. மேக்ஸ்-கேஷ்-டிடிஎல் என்று இன்னொரு கடிகாரம் இருக்கிறது, 7200 விநாடி, 2 மணி நேரம். அது நீங்கள் அடித்த நிமிடத்திலிருந்து ஓடுவது, நடுவில் எத்தனை தடவை பயன்படுத்தினாலும் அது பின்னால் போகாது. விளக்கில் எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்கலாம், திரி எரிந்து முடிந்துவிட்டால் எண்ணெய் ததும்பினாலும் விளக்கு அணைந்துவிடும் இல்லையா? டீஃபால்ட் என்பது எண்ணெய், மேக்ஸ் என்பது திரி.

14 பிப்ரவரி

எண்ணெய், திரி என்று எழுதியதும்தான் என் பழைய கதை நினைவுக்கு வந்தது. நான் முதலில் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தேன், கட்டளை வரி பழகியது அங்கேதான். அப்புறம் சொந்தமாகக் கணக்கு வேலைக்கு வந்தேன், பெரும்பாலும் ஜார்ஜ்டவுன் சின்னக் கடைகளின் சம்பளம், ஊழியர் சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீடு. அப்போது வேலை நாள் முழுவதும் ஒரே தடவை பாஸ்வேர்ட் அடித்தால் போதும் என்று டீஃபால்டை 28800 ஆக்கினேன். 8 மணி நேரம். காலை 9 மணிக்கு அடித்தேன், 11 மணிக்குச் சொல்லி வைத்த மாதிரி மறுபடி கேட்டது. எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தேன், ஒரு வாரம் போனது. மேக்ஸ் அதே 7200இல் நின்றிருந்தது. திரியை நீட்டாமல் எண்ணெய்க் குடத்தை மட்டும் பெரிதாக்கியிருக்கிறேன்.

ஆகவே நேரத்தைக் கூட்டுபவர்கள் இரண்டு வரியையும் எழுத வேண்டும். குறைப்பவர்களுக்கு டீஃபால்ட் ஒன்று போதும், ஆனால் மேக்ஸையும் குறைப்பது நல்லது என்பேன். 60 விநாடி என்று வைத்துவிட்டு 50 விநாடிக்கு ஒரு கோப்பு திறந்துகொண்டே இருந்தால் 2 மணி நேரமும் கதவு திறந்துதான் கிடக்கும்.

வேறு கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவியையும் இதே ஏஜென்ட் வழியாக வைத்திருப்பவர்களுக்கு அதே பெயர்களின் கடைசியில் எஸ்எஸ்ஹெச் சேர்த்துத் தனி வரிகள் இருக்கின்றன. அங்கே டீஃபால்ட் 1800, மேக்ஸ் 7200. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.

20 பிப்ரவரி, இரவு, நீளமாக எழுதப் போகிறேன்

நேற்று நடந்தது இன்னும் மனதை அரிக்கிறது.

லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடை, பெயர் வேண்டாம். மாதாமாதம் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து சம்பளம் போட்டுக் கொடுப்பேன். நேற்று மதியம் சாப்பிடப் போய்விட்டு வர 40 நிமிடம் ஆனது. திரும்பி வந்தால் கடையில் வேலை செய்யும் பையன், முதலாளிக்கு அண்ணன் மகன் முறை, முகம் இறுகி நிற்கிறான். "அக்கா, என்னைவிட பின்னாடி வந்தவருக்கு ஏன் 200 வெள்ளி கூட?" என்று கேட்டான். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

அவன் எதையும் உடைக்கவில்லை. டெர்மினல் திறந்திருந்தது, மேல் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தினான், நான் காலையில் கொடுத்த கட்டளை வந்தது, என்டர் தட்டினான். என் பாஸ்வேர்ட் இல்லாமல் பட்டியல் முழுவதும் திரையில் ஓடிவிட்டது. திரையைப் பூட்டாமல் எழுந்து போனது என் குற்றம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் 40 நிமிடம் ஆகியிருக்கிறது. 10 நிமிடத்தில் மறந்திருக்க வேண்டிய ஏஜென்ட் ஏன் மறக்கவில்லை?

முதலாளியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து தேடினேன். டீஃபால்டை 60 ஆக்கினேன், ரீலோட் செய்தேன், திறந்தேன், கேட்கவில்லை. சுழியாக்கினேன். அப்போதும் கேட்கவில்லை.

பிறகு ஏஜென்டிடமே கேட்டேன். ஜிபிஜி-கனெக்ட்-ஏஜென்ட், அதன் பின்னால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் கீஇன்ஃபோ, இரண்டு கோடு சேர்த்து லிஸ்ட், மேற்கோளை மூடி, சாய்வுக்கோடு பை. ஒவ்வொரு சாவிக்கும் ஒரு வரி வரும். தொடக்கத்தில் கீகிரிப் என்ற சாவியின் அடையாளம், 40 எழுத்து, அப்புறம் டிஸ்கில் இருக்கும் சாவி என்றால் டி, சில சிறு கோடுகள், பிறகு பி என்ற எழுத்து. அந்த பி-க்கு உடனடி இடது பக்கம் 1 இருந்தால் பாஸ்வேர்ட் ஏஜென்டின் கையில் இருக்கிறது, சிறு கோடு இருந்தால் இல்லை. (மைனஸ் சி-யின் ஞாபகம் இந்தப் பட்டியலில் வராது, இது சாவிகளுக்கு மட்டும்.)

சிறு கோடுதான் இருந்தது. ஏஜென்ட் மறந்துவிட்டது! ஆனாலும் கோப்பு திறக்கிறது.

அப்படியென்றால் வேறு யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஏஜென்ட் நம்மிடம் நேரடியாகப் பாஸ்வேர்ட் கேட்பதில்லை, பின்என்ட்ரி என்ற சின்ன நிரலை அனுப்பிக் கேட்கச் சொல்லும். அந்தச் சின்னப் பெட்டியின் கீழே ஒரு டிக் கட்டம் உண்டு, பாஸ்வேர்ட் மேலாளரில் சேமிக்கவா என்று. க்னோம் டெஸ்க்டாப்பின் பின்என்ட்ரியில் அது வரும், மேக்கிலும் கீசெயினில் சேமிக்கவா என்று அதே மாதிரி வரும். அந்தக் கம்ப்யூட்டரில் என்றைக்கோ அதை டிக் செய்திருக்கிறேன். அன்றிலிருந்து பாஸ்வேர்ட் டெஸ்க்டாப்பின் சாவிக்கொத்தில் நிரந்தரமாகக் கிடக்கிறது. ஏஜென்ட் 10 நிமிடத்தில் மறந்துவிட்டு பின்என்ட்ரியை அனுப்பும், பின்என்ட்ரி என்னைக் கேட்காமல் சாவிக்கொத்தைக் கேட்கும், அது எடுத்துக் கொடுத்துவிடும். திரையில் பெட்டியே வராது. டிடிஎல் எண்களை ஆயிரம் தடவை மாற்றினாலும் இதை அசைக்க முடியாது.

8ஆம் தேதி, ஏஜென்ட் ஒன்றைக் கவனித்தால் போதும், எல்லாம் ராமில்தான் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். சாவிக்கொத்தில் இருப்பது டிஸ்கில் இருக்கிறது. அது லாகின் பாஸ்வேர்டால் பூட்டியிருப்பது உண்மைதான், ஆனால் லாகின் ஆன கம்ப்யூட்டர் முன்னால் யார் உட்கார்ந்தாலும் அது திறந்த பெட்டி.

ஏஜென்டின் கான்ஃப் கோப்பில் நோ-அலவ்-எக்ஸ்டர்னல்-கேஷ் என்று ஒரு வரி எழுதி ரீலோட் செய்தேன். உடனே பாஸ்வேர்ட் பெட்டி வந்தது. அப்புறம் டெஸ்க்டாப்பின் பாஸ்வேர்ட்கள் மற்றும் சாவிகள் நிரலைத் திறந்து அங்கே கிடந்த பழைய பதிவையும் கையால் அழித்தேன், வரி எழுதுவதால் அது தானாகப் போகாது.

பையனிடம் பேசினேன். முதலாளியும் அவனும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயத்தை நான் நடுவில் வெளியே விட்டுவிட்டேன் என்பதுதான் எனக்கு வருத்தம்.

21 பிப்ரவரி

நேற்று எழுதியதைச் சுருக்கமாகக் கேட்டவர்களுக்கு, சோதிக்கும் வரிசை. முதலில் ரீலோட். அப்புறம் கீஇன்ஃபோ பார்த்து 1 இல்லை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் திறந்து பாருங்கள். கேட்டால் ஏஜென்ட் மட்டும்தான், எண்களை மாற்றினால் வேலை நடக்கும். கேட்காவிட்டால் வெளியே ஒரு ஞாபகம் இருக்கிறது, எண்களைத் தொடாதீர்கள், முதலில் அதைப் பிடியுங்கள். நான் செய்த தவறு எண்ணில் தொடங்கியதுதான்.

3 மார்ச்

தம்பி திரும்பி வந்திருக்கிறார். வரி எழுதிவிட்டாராம், ஒன்றும் மாறவில்லையாம். ஃபோனில் அரை மணி நேரம் பேசினோம். காரணம் சின்னது: எழுதியபின் ரீலோட் செய்யவில்லை. ஏஜென்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, கோப்பை நீங்கள் மாற்றியது அதற்குத் தெரியாது. டெர்மினலை மூடித் திறந்தாலும் தெரியாது, அது டெர்மினலோடு சேர்ந்து சாவதில்லை.

இதே புகாருக்கு நான் பார்த்த வேறு காரணங்கள். விண்டோஸில் நோட்பேடில் எழுதிச் சேமித்தால் கோப்பின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், பார்வைக்குத் தெரியாது, ஜிபிஜிக்கு அது வேறு கோப்பு. இன்னொருவர் வேறொரு பயனராக நுழைந்து எழுதியிருந்தார், ஒவ்வொரு பயனருக்கும் தனி அடைவு. எந்த அடைவு என்று சந்தேகம் வந்தால் ஜிபிஜிகான்ஃப், இரண்டு கோடு சேர்த்து லிஸ்ட்-டிர்ஸ். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்க அதே ஜிபிஜிகான்ஃப், இரண்டு கோடு சேர்த்து செக்-ஆப்ஷன்ஸ், இடைவெளி விட்டு ஜிபிஜி-ஏஜென்ட். எழுத்துப்பிழை என்றால் சும்மா விட்டுவிடும் என்று நினைக்காதீர்கள், தெரியாத வரியைக் கண்டால் ஏஜென்ட் எழுந்திருக்கவே மறுக்கும், அப்புறம் எந்தச் சாவியும் வேலை செய்யாது.

எடிட்டரே திறக்காமல் மாற்றவும் வழி உண்டு. எக்கோவில் டீஃபால்ட்-கேஷ்-டிடிஎல், முக்காற்புள்ளி, சுழி, முக்காற்புள்ளி, 300 என்று இடைவெளி இல்லாமல் எழுதி, குழாய்க்குறி போட்டு, ஜிபிஜிகான்ஃப்புக்கு அனுப்பி, அதில் தனித்தனியாக இரண்டு கோடு சேர்த்து ரன்டைம், சேஞ்ச்-ஆப்ஷன்ஸ், அப்புறம் ஜிபிஜி-ஏஜென்ட். ரன்டைம் சேர்த்தால் உடனே அமலாகும். நடுவில் உள்ள சுழியை விடாதீர்கள், அது விநாடி இல்லை. பத்து கம்ப்யூட்டருக்கு ஒரே மாதிரி அமைக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய உதவி, வீட்டில் ஒன்றே ஒன்று வைத்திருப்பவர்கள் எடிட்டரிலேயே எழுதலாம்.

பேசி முடித்ததும் தம்பி, "அக்கா, கேஷ் காலி பண்ணிட்டேன்!" என்று கத்தினார். பக்கத்தில் முதலாளி இருந்திருக்கிறார், நேராகக் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்தாராம்.

27 மார்ச்

திங்கட்கிழமை நோன்புப் பெருநாள். பல கடைகளில் முன்கூட்டியே சம்பளம் கொடுக்கிறார்கள், அதனால் இந்த வாரம் எனக்கு இரண்டு மாத வேலை. இந்த நேரத்தில் ஒருவர், பாஸ்வேர்டை முன்கூட்டியே ஏஜென்டுக்கு ஊட்டிவிட்டு ஸ்கிரிப்ட் ஓட்டலாமே என்று கேட்டிருக்கிறார். ஜிபிஜி-பிரீசெட்-பாஸ்ஃபிரேஸ் என்ற நிரல் அதற்குத்தான். உபுண்டு, டெபியனில் சாதாரணமாக அடித்தால் கிடைக்காது, யுஎஸ்ஆர், லிப், ஜிஎன்யுபிஜி அடைவுக்குள் முழுப் பாதையோடு கூப்பிட வேண்டும். ஏஜென்டின் கான்ஃபில் அலவ்-பிரீசெட்-பாஸ்ஃபிரேஸ் என்ற வரி முதலில் இருக்க வேண்டும். சாவியின் பெயரைக் கொடுத்தால் ஏற்காது, கீகிரிப்தான் கொடுக்க வேண்டும். துணைச் சாவி ஒவ்வொன்றுக்கும் கீகிரிப் வேறு, அதனால் கோப்பைத் திறக்க உதவும் துணைச் சாவியின் கீகிரிப்பைப் பார்த்து எடுங்கள். இப்படி ஊட்டியது டீஃபால்ட் கடிகாரத்துக்குக் கட்டுப்படாது, மேக்ஸுக்குக் கட்டுப்படும். ரீலோட் செய்தால் போய்விடும்.

எப்படி என்று சொல்லிவிட்டேன், ஆனால் செய்யாதீர்கள் என்றும் சொல்கிறேன். ஸ்கிரிப்டுக்குப் பாஸ்வேர்ட் எங்கிருந்து வரும்? ஒரு கோப்பில் எழுதி வைப்பீர்கள், அல்லது எக்கோவில் அடிப்பீர்கள், அது டெர்மினலின் வரலாற்றில் தங்கிவிடும். மேல் அம்புக்குறி என்ன செய்யும் என்று மேலே படித்தீர்கள் இல்லையா.

நான் செய்வது: முதல் கோப்புக்கு மட்டும் கையால் பாஸ்வேர்ட் அடிப்பேன். மற்ற எல்லாவற்றையும் அதே ஸ்கிரிப்ட் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும், ஏஜென்டின் ஞாபகமே அதற்குப் போதும். ஸ்கிரிப்டின் கடைசி வரி ரீலோட். வேலை முடிந்த அந்த நொடியில் ஞாபகமும் முடிந்துவிடும், 10 நிமிடத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

28 மார்ச்

அந்த நண்பர் மறுபடி கேட்கிறார், அவருக்கு இரவு 2 மணிக்கு பேக்கப் ஓட வேண்டுமாம், அந்நேரம் யார் பாஸ்வேர்ட் அடிப்பது? இதை நேற்றே கேட்டிருந்தால் மேலே அவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இரவு பேக்கப்பில் பூட்டுவதுதான் வேலை, திறப்பது இல்லை. சாவி ஜோடியின் பொதுச் சாவிக்கு மைனஸ் ஈ, மைனஸ் ஆர் கொடுத்துப் பூட்டினால் பாஸ்வேர்டே தேவையில்லை, அந்தரங்கச் சாவி அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. கோவில் உண்டியலில் காசு போட யாருக்கும் சாவி வேண்டாம், திறந்து எண்ணும் நாளில்தான் வேண்டும். மைனஸ் சி-யை விட்டுவிட்டுச் சாவி ஜோடிக்கு மாறுங்கள், ஞாபகம் பற்றிய கேள்வியே எழாது.

புக்கிட் மெர்தாஜாம் தம்பிக்கும் இதையே சொல்வேன். முதலாளியின் பொதுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டால் பாஸ்வேர்டை வாட்ஸாப்பில் அனுப்பும் பழக்கமும் நின்றுவிடும்.

2 ஏப்ரல்

ஒரு வரி: சாவியை ஸ்மார்ட் கார்டிலோ யூஎஸ்பி டோக்கனிலோ வைத்திருப்பவர்களுக்கு இந்த டிடிஎல் எண்கள் உதவாது. பின் எண்ணை ஒரு தடவை சரியாகக் கொடுத்துவிட்டால், கோப்புகளைத் திறக்கும் வேலைக்கு அந்தக் கார்டு செருகியிருக்கும் வரை திறந்தே இருக்கும். எழுந்து போகும்போது பிடுங்கிக்கொண்டு போங்கள்.

19 ஏப்ரல்

ஜிபிஜியின் பழைய 1.4 பதிப்புக் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே, ஒவ்வொரு தடவையும் கேட்குமே என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். உண்மைதான் ஐயா. 2014 நவம்பரில் 2.1 வந்தபோது அந்தரங்கச் சாவிகளைக் கையாளும் பொறுப்பு முழுவதும் ஏஜென்டிடம் போனது, 1.4இல் ஏஜென்ட் இல்லாமலும் பிழைக்க முடிந்தது. எனக்கும் அப்போது பிடிக்கவில்லை. ஆனால் இப்போது யோசித்தால், ஜிபிஜி நிரல் என் அந்தரங்கச் சாவியைத் தொடுவதே இல்லை, ஏஜென்ட் மட்டும்தான் தொடுகிறது. சாவி ஒரே கையில் இருப்பது நல்லதுதான், அந்தக் கைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதை நாம் தீர்மானிக்கிறவரை.

4 ஜூன்

இந்த 1ஆம் தேதியிலிருந்து மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் புதிய திருத்தம் அமலாகிவிட்டது. 2010 சட்டத்தில் இல்லாத ஒன்று: தரவு கசிந்தால் ஆணையரிடம் அறிவிக்கும் கடமை, 72 மணி நேரத்துக்குள். பொறுப்பு தரவை வைத்திருக்கும் முதலாளியுடையது, ஆனால் கணக்கு எழுதும் நம் கைவழியாகத்தான் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் போகின்றன. பிப்ரவரியில் அந்தக் கடையில் நடந்தது இந்தக் கணக்கில் வருமா என்று சட்டம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது அந்தப் பையனின் முகமாகத்தான் நினைவிருக்கிறது.

பலர் கேட்டதால் இப்போது நான் வைத்திருக்கும் எண்கள். வாடிக்கையாளர் கடைகளில் டீஃபால்ட் 60, மேக்ஸ் 600, நோ-அலவ்-எக்ஸ்டர்னல்-கேஷ் கட்டாயம், ஜிபிஜி கான்ஃபில் நோ-சிம்கீ-கேஷ். என் வீட்டு அறையில் 600, 7200, அதாவது நிரல் வரும்போது இருந்தபடியே, அதைக் குறைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் இக்னோர்-கேஷ்-ஃபார்-சைனிங் வைத்திருக்கிறேன். கோப்பைத் திறப்பதற்கு ஏஜென்டின் ஞாபகம் போதும், ஆனால் என் பெயரில் ஒரு பட்டியலில் கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டாக வேண்டும், அது சில விநாடி தாமதம் என்றாலும் சரி. உங்கள் அறையில் உங்கள் நாற்காலியில் வேறு யார் உட்காரக்கூடும் என்று பார்த்து எண்ணைப் போடுங்கள், என் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள்.

5 ஜூன்

தம்பி ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார். தே தாரேக் குடிக்க எழுந்து போகும்போது மறக்காமல் இருக்க ஷெல்லில் ஒரு ஏலியாஸ், அதாவது நீளக் கட்டளைக்கு ஒரு குட்டிப் பெயர், ஆங்கிலத்தில் டி, ஈ, இரண்டே எழுத்து. அதை அடித்தால் திரை பூட்டிக்கொள்ளும், அப்புறம் ஏஜென்ட் ரீலோட் ஆகும்.

ஒரே ஒரு திருத்தம் தம்பி: வரிசையை மாற்றுங்கள். ரீலோட் முதலில், லாகின்சிடிஎல் லாக்-செஷன் இரண்டாவது. திரை பூட்டிக்கொண்ட பிறகு ரீலோட் ஏதாவது காரணத்தால் தோற்றால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. முதலில் செய்தால் பிழைச் செய்தி திரையில் நிற்கும், பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள். நடுவில் இரண்டு ஆம்பர்சண்ட் போட்டு இணையுங்கள், முதலாவது வெற்றி பெற்றால்தான் இரண்டாவது ஓடும். நானும் இன்று காலை அதே இரண்டு எழுத்தை என் ஷெல்லில் போட்டுக்கொண்டேன்.